சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் நோய் மரபணுவைத் தேடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே காது கேளாமை, சிறு வயதில் தொடங்கும் பார்வைக் குறைவு, தசைத் தளர்ச்சி என்று வரும்போது, அந்த நோயின் மரபணு எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்று மார்க்கர்களை வைத்துத் தேட முடியும். இந்த வேலையில் இறங்கும் மாணவர்களும் மருத்துவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம்.

மார்க்கர் என்பதுதான் நோய் மரபணுவா?

இல்லை. குரோமோசோமில் இருப்பிடம் தெரிந்த, ஆளுக்கு ஆள் மாறுபடும் ஒரு புள்ளிதான் மார்க்கர். அது நோயை உண்டாக்க வேண்டியதில்லை. நோய் மரபணுவுக்குப் பக்கத்தில் இருந்தால் போதும். ஒரே வாய்க்காலில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு வயல்களுக்குத் தண்ணீர் சேர்ந்தே பாயும். நடுவில் மதகுகள் கூடக்கூட, ஒன்றில் பாய்ந்து மற்றதில் பாயாத நாள்களும் கூடும். குரோமோசோமில் அந்த மதகின் வேலையைச் செய்வது மறுசேர்க்கை, அதாவது விந்தும் முட்டையும் உருவாகும்போது ஜோடிக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது. இரண்டு புள்ளிகள் 100 தடவைக்கு ஒரு தடவை பிரிந்து போனால் அவற்றின் தூரம் 1 சென்டிமார்கன். மனிதரில் அது சராசரியாக 10 லட்சம் கார இணைகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

தூரம் கூடும்போது தூரமும் மறுசேர்க்கை விகிதமும் ஒன்றாக இருக்காது, ஏனென்றால் இரட்டை மறுசேர்க்கை நம் கண்ணுக்குத் தெரியாது. இதைச் சரிசெய்ய ஹால்டேன் 1919-லும் டி. டி. கோசாம்பி 1944-லும் தந்த கணிதச் சார்புகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. 20 சென்டிமார்கனுக்கு ஹால்டேன் கணக்கில் 16.5 சதவீதமும் கோசாம்பி கணக்கில் 19 சதவீதமும் மறுசேர்க்கை வரும். மென்பொருள் ஒன்றை எதிர்பார்க்க, மார்க்கர் தூரங்கள் உள்ள வரைபடக் கோப்பு மற்றதில் இருந்தால் தூரங்கள் சத்தமில்லாமல் பிசகிவிடும்.

லாட் மதிப்பு என்றால் என்ன?

மார்க்கரும் நோயும் பிணைந்திருந்தால் (பக்கத்தில் இருந்து சேர்ந்தே கடத்தப்பட்டால்) இந்தக் குடும்பத்தின் தரவு கிடைப்பதற்கான வாய்ப்பை, பிணையாமல் இருந்தால் கிடைப்பதற்கான வாய்ப்பால் வகுத்து, அதற்கு 10 அடிமான மடக்கை எடுங்கள். அதுதான் லாட். 1955-ல் நியூட்டன் மார்ட்டன் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். மடக்கை என்பதால் வெவ்வேறு குடும்பங்களின் மதிப்புகளைக் கூட்டிக்கொண்டே போகலாம்.

கையால் ஒரு முறை போட்டுப் பாருங்கள். ஒரு இடத்தில் இருக்கக்கூடிய வடிவங்களில் ஒன்றுதான் அல்லீல். நோய் அல்லீல் எந்த மார்க்கர் அல்லீலோடு வருகிறது என்பது தெரிந்த, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போன 10 கடத்தல்கள். அவற்றில் மறுசேர்க்கை ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றும் 0.301 சேர்க்கும், மொத்தம் 3.01. அதே பத்தில் ஒன்றே ஒன்று மறுசேர்க்கையாக இருந்தால், மறுசேர்க்கை விகிதம் 0.1 என்ற இடத்தில் உச்சம் 1.60 மட்டுமே. ஒரு ஆள் பாதி மதிப்பைத் தின்றுவிடுகிறார். அந்த ஒருவரின் ரத்தக் குழாய் மாறியிருந்தாலும் இதே 1.60-தான் வரும். குழாயில் ஒட்டும் சீட்டில் இவ்வளவு பிடிவாதம் காட்டச் சொல்வது இதனால்தான்.

ஏன் 3 என்ற எல்லை?

3 என்றால் 1000-க்கு 1 என்ற சாதகம். ஆனால் தவறாகப் போகும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்று அதற்குப் பொருள் இல்லை. ஏதோ இரண்டு இடங்களை எடுத்தால் அவை பிணைந்திருக்கும் வாய்ப்பே முதலில் சுமார் 50-ல் 1. ஆகவே 1000-ஐ 50-ஆல் வகுக்க, மிஞ்சுவது 20-க்கு 1, அதாவது சுமார் 5 சதவீதப் பிழை. முழு மரபுத்தொகுதியையும் (எல்லாக் குரோமோசோம்களையும்) அலசும்போது 3.3 வேண்டும் என்று லேண்டரும் குருக்லியாக்கும் 1995-ல் சொன்னார்கள். மைனஸ் 2-க்குக் கீழே போன பகுதியை விலக்கிவிடலாம். நடுவில் நிற்பவை எதையும் சொல்லவில்லை என்றே எழுதுங்கள். ‘கிட்டத்தட்ட பிணைப்பு’ என்று ஒன்று கிடையாது.

அக்கா மகளைக் கட்டியிருந்தால், அத்தை மகனைக் கட்டியிருந்தால் கணக்கு எப்படி மாறும்?

டெல்டாவில் இந்த வேலையின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான். ஒடுங்கு நோய் வருவதற்குப் பழுதான அல்லீல் அப்பா வழியாகவும் அம்மா வழியாகவும் வர வேண்டும். பெற்றோர் சொந்தமாக இருந்தால் ஒரே முன்னோரின் ஒரே துண்டு இரண்டு பக்கமும் சுற்றிவந்து பிள்ளையிடம் சேர்ந்திருக்கும். அந்தத் துண்டில் உள்ள மார்க்கர்கள் எல்லாம் வரிசையாக ஒத்தகருநிலையில் (இரண்டு பிரதியும் ஒன்றாக) தெரியும். அப்படிப்பட்ட நீண்ட ஒத்த துண்டுகளைத் தேடுவதே ஒத்தகருநிலை வரைபடமாக்கல். 1987-ல் லேண்டரும் பாட்ஸ்டைனும் முன்வைத்த முறை இது.

ஒரு இடத்தில் இரண்டு அல்லீல்களும் ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்புக்கு உள்ளினக் கெழு என்று பெயர். தாய்மாமன் அக்கா மகளைக் கட்டினால் அது 8-ல் 1. அத்தை மகன், மாமன் மகள் என்றால் 16-ல் 1. மணமகனின் தாத்தா பாட்டிகளில் ஒருவரும் மணமகளின் தாத்தா பாட்டிகளில் ஒருவரும் உடன்பிறந்தவர்கள் என்றால் 64-ல் 1. நோய் அல்லீல் மிக அரிது, மார்க்கர்கள் முழுத் தகவல் தருகின்றன என்ற நிலையில், நோயுள்ள ஒரே ஒரு பிள்ளை தரக்கூடிய உச்ச லாட் என்பது இந்தக் கெழுவைத் தலைகீழாக்கி எடுத்த மடக்கைதான்: முறையே 0.90, 1.20, 1.81.

உறவு நெருங்கநெருங்க ஒரு பிள்ளை தரும் தகவல் குறைகிறது என்பதைக் கவனியுங்கள். மாமன் – அக்கா மகள் தம்பதியின் பிள்ளைக்கு மரபுத்தொகுதியில் எட்டில் ஒரு பங்கு எப்படியும் ஒத்த துண்டாகவே இருக்கும். அதில் நோய்த் துண்டு எது என்று பிரித்தறிவது கடினம். துண்டும் நீளம்: நோய் மரபணுவைச் சுற்றி 40 சென்டிமார்கன் அளவுக்குப் போகலாம், அதற்குள் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் அடங்கும். தூரத்துச் சொந்தத்தில் பிறந்த நோயுள்ள பிள்ளை கிடைத்தால் அதை விடாதீர்கள். சிறு துண்டும் பெரிய மதிப்பும் ஒன்றாகக் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. பெண் கொடுத்துப் பெண் எடுத்த இரண்டு குடும்பங்களின் பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டினால், பார்வைக்கு அத்தை மகன் – மாமன் மகள்தான். ஆனால் அவர்கள் இரண்டு வழியிலும் சொந்தம். கெழு 16-ல் 1 இல்லை, 8-ல் 1.

எத்தனை பேர் கிடைத்தால் போதும்?

கணக்கை ஒரு மாதிரிக் குடும்பத்தில் போடுவோம். மாமனும் அக்கா மகளும் தம்பதி, நான்கு பிள்ளைகள், இருவருக்கு நோய், இருவருக்கு இல்லை. முதல் நோயுள்ள பிள்ளை 0.90 தரும். அதே தம்பதியின் இரண்டாவது நோயுள்ள பிள்ளை 0.60 சேர்க்கும், ஏனென்றால் பிணைப்பு இல்லாவிட்டால் அதே இரண்டு துண்டுகளும் அவருக்கும் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். நோயில்லாத பிள்ளை ஒவ்வொருவரும் 0.125 மட்டுமே. மொத்தம் 1.76. அதே ஊரில், அதே வகையறாவில் அத்தை மகனைக் கட்டிய பெண்ணின் ஒரு பிள்ளைக்கும் இதே நோய் என்றால் 1.20 சேர்ந்து 2.96. மூன்றுக்கு ஒரு முடி குறைகிறது. அந்தப் பிள்ளைக்கு நோயில்லாத ஒரு தம்பி இருந்து அவனும் ரத்தம் தந்தால் 3.08.

இது உச்சவரம்பு. உண்மையில் இதைவிடக் குறைவாகத்தான் வரும். நோயில்லாதவரைக் கணக்கில் சேர்க்குமுன் அவர் நோய் தொடங்கும் வயதைத் தாண்டியிருக்கிறாரா என்று பாருங்கள். 20 வயதில் தொடங்கும் பார்வை நோய்க்கு 9 வயதுப் பையனை ‘நோயில்லை’ என்று குறித்தால், உண்மையான இடத்தையே அவன் விலக்கிவிடுவான். அவனைத் ‘தெரியாது’ என்று குறியுங்கள்.

வம்சாவளியை எப்படி எழுதி வாங்குவது?

பொறுமையாக. பிழைகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன.

முதல் சிக்கல் உறவுச்சொற்கள். ‘மாமா’ என்றால் அம்மாவின் தம்பியா, அத்தையின் கணவரா, மாமனாரா, தெருவில் மூத்தவரா? ‘அண்ணன்’ என்றால் கூடப்பிறந்தவரா, பெரியப்பா மகனா? ஆகவே “அவங்க உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டு நிறுத்தாதீர்கள். “அவங்களைப் பெத்தவங்க யாரு? அவங்க கூடப்பிறந்தவங்க எத்தனை பேரு?” என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். இறந்த குழந்தைகளையும் கேளுங்கள். தானாகச் சொல்ல மாட்டார்கள். கணவன் இறந்தபின் அவர் தம்பியைக் கட்டியது, தங்கையை இரண்டாந்தாரமாகக் கட்டியது, தத்துக் கொடுத்தது ஆகியவற்றை மரியாதையோடு, கூட்டத்தில் இல்லாமல் தனியாகக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, பெயர். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். ஒரே வம்சாவளியில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள், தலைப்பெழுத்தும் ஒத்துப்போகும். களத்திலேயே எண் கொடுத்துவிடுங்கள். பெயரும் எண்ணும் சேர்ந்த ஏடு தனியாகப் பூட்டில் இருக்கட்டும்.

மூன்றாவது, மேல்தலைமுறை. குலதெய்வக் கோயிலை வைத்து ஆண்வழிப் பங்காளிகளை ஐந்தாறு தலைமுறை வரை சொல்லிவிடுவார்கள். பெண்வழி இரண்டு தலைமுறையிலேயே மங்கிவிடும். நோய்த் துண்டு இரண்டு வழியிலும் வரும் என்பதால், வீட்டின் மூத்த பெண்மணியிடம் அரை நாள் உட்காருவதற்கு ஈடு எதுவும் இல்லை. அவர் பிறந்த ஊர், அவர் அம்மா பிறந்த ஊர், எந்த வீட்டிலிருந்து பெண் எடுத்தார்கள் என்பதையும் கேளுங்கள். நடவு, அறுப்பு நேரத்தில் போகாதீர்கள். சம்பா அறுவடை முடிந்த மாசி பங்குனி நல்லது. குலதெய்வக் கோயில் விழாவுக்கு வெளியூர், சிங்கப்பூர், வளைகுடாவிலிருந்து வரும் உறவினர்களையும் ஒரே நாளில் பார்க்கலாம்.

வரையும்போது ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோயுள்ளவருக்கு உள்ளே கறுப்பு, சொந்தத் திருமணத்துக்கு இரட்டைக் கோடு, இறந்தவர் மேல் சாய்கோடு.

ரத்தமா, எச்சிலா?

முடிந்தவரை ரத்தம். பெரியவர்களிடம் 3 முதல் 5 மில்லி, ஊதா மூடி போட்ட இடிடிஏ குழாயில். எடுத்தவுடன் 8 முதல் 10 முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கினால் அணுக்கள் உடையும், கவிழ்க்காவிட்டால் உறையும். ஹெப்பாரின் குழாய் வேண்டாம், அது டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் வினையைத் தடுக்கும். சித்திரை வெயிலில் வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் வரை பேருந்தில் கொண்டுவர வேண்டுமானால் குளிர்ப்பெட்டி கட்டாயம். ஐஸ் நேரடியாகக் குழாயில் படாமல் நடுவே துணியோ தெர்மோகோலோ வையுங்கள். 4 டிகிரியில் சில நாள் தாங்கும், அதற்குள் டிஎன்ஏ பிரித்துவிடுங்கள்.

எச்சில் வாங்கினால் அரை மணி நேரம் முன்னாலிருந்து எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ மெல்லவோ கூடாது. வெற்றிலை பாக்குப் போடும் பெரியவர்களிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள். பாக்கிலும் வெற்றிலையிலும் உள்ள பாலிபீனால்கள் டிஎன்ஏவோடு ஒட்டிவந்து பிசிஆரைக் கெடுக்கும். வாயைப் பலமுறை கொப்பளித்த பிறகும் எச்சில் சிவந்திருந்தால் ரத்தமே கேளுங்கள்.

எந்த மார்க்கர்களைப் பயன்படுத்துவது?

முன்பு 10 சென்டிமார்கனுக்கு ஒன்று என்று சுமார் 400 மைக்ரோசாட்டிலைட்டுகள் (திரும்பத் திரும்ப வரும் சிறு வரிசைகள்). இப்போது பல லட்சம் ஸ்னிப்களை (ஒரே எழுத்து மாறும் இடங்களை) ஒரே முறையில் வாசிக்கும் சிப். ஒரு மைக்ரோசாட்டிலைட்டுக்குப் பல அல்லீல்கள் என்பதால் ஒவ்வொன்றும் அதிகம் சொல்லும். ஸ்னிப்புக்கு இரண்டே அல்லீல், ஆனால் எண்ணிக்கை அதை ஈடுகட்டும். குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு பகுதி கிடைத்து, மீதமுள்ள உறவினர்களில் அதைச் சரிபார்க்க மட்டும் வேண்டுமானால் நான்கைந்து மைக்ரோசாட்டிலைட் போதும், செலவும் குறைவு.

கோப்பு எப்படி இருக்க வேண்டும்? எந்த மென்பொருள்?

முதல் ஆறு பத்திகள் நிலையானவை: குடும்ப எண், ஆள் எண், அப்பா எண், அம்மா எண், பால் (ஆண் 1, பெண் 2), நோய்நிலை (இல்லை 1, உண்டு 2, தெரியாது 0). ரத்தம் தராத, இறந்துபோன முன்னோரையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் மாமனும் அக்கா மகளும் அன்னியர்கள் என்று மென்பொருள் எண்ணிக்கொள்ளும். சொந்தம் என்ற தகவலே மறைந்துவிடும். தொடங்குபவர்கள் அடிக்கடி செய்யும் பிழை இது.

மென்பொருள்களில் இரண்டு வழிகள் உண்டு. எல்ஸ்டன் – ஸ்டூவர்ட் முறை (1971) பெரிய குடும்பத்தைத் தாங்கும், மார்க்கர் கூடினால் திணறும். லேண்டர் – கிரீன் முறை (1987) ஆயிரக்கணக்கான மார்க்கர்களைத் தாங்கும், ஆள் கூடினால் திணறும். மெர்லின் என்ற மென்பொருள் இரண்டாவது வகை. முன்னோர் அல்லாதவர்களின் எண்ணிக்கையை இரட்டித்து, வெளியிலிருந்து வந்தவர்களும் தொடக்க முன்னோருமான எண்ணிக்கையைக் கழியுங்கள். 24-க்குள் இருந்தால் சாதாரணக் கணினியில் ஓடும். மேலே சொன்ன மாமன் குடும்பத்தில் 7 பேர் வழித்தோன்றல்கள் (மாமன், அக்கா, அக்கா மகள், நான்கு பிள்ளைகள்), 3 பேர் முன்னோர் (தாத்தா, பாட்டி, அக்கா கணவர்). 14-இல் 3 போக 11. தாராளமாக ஓடும். எல்லை தாண்டினால், சொந்த வளையத்தை வெட்டாமல், தகவல் தராத ஓரத்துக் கிளைகளை வெட்டுங்கள்.

ஒத்த துண்டுகளைப் பட்டியலிட ப்ளிங்க் என்ற மென்பொருள் போதும். அதன் இயல்புநிலை 1,000 கிலோபேஸ் (10 லட்சம் கார இணைகள், அதாவது 1 மெகாபேஸ்), 100 ஸ்னிப். இவ்வளவு சிறிய துண்டுகள் எல்லாரிடமும் இருக்கும். நெருங்கிய சொந்தக் குடும்பங்களில் 2,000 கிலோபேஸுக்கு மேற்பட்டதைப் பார்த்தாலே போதும்.

3.5 வந்தது, சரிபார்த்தபோது காணாமல் போனது. ஏன்?

முதலில் சந்தேகிக்க வேண்டியது எழுதப்படாத சொந்தம். 16-ல் 1 என்று நீங்கள் கொடுத்த, வெவ்வேறு தம்பதிகளின் மூன்று பிள்ளைகள் 3.6 தருவார்கள். தாத்தா பாட்டியும் சொந்தமாக இருந்து உண்மைக் கெழு 8-ல் 1-ஐத் தொட்டிருந்தால் சரியான மதிப்பு 2.7 தான். நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வாங்கிய குடும்பங்களில் இது விதிவிலக்கு இல்லை. சரிபார்க்க எளிய வழி உண்டு: ஒத்த துண்டுகளின் மொத்த நீளத்தைக் கூட்டுங்கள். பால் குரோமோசோம் தவிர்த்த மொத்தம் சுமார் 2,880 மெகாபேஸ். 16-ல் 1 என்றால் சராசரி 180, 8-ல் 1 என்றால் 360. ஆளுக்கு ஆள் ஏற்ற இறக்கம் நிறைய உண்டு. ஆனாலும் மூன்று பிள்ளைகளுக்கும் 300-க்கு மேல் வந்தால் அந்தப் பாட்டியிடம் மறுபடி போங்கள்.

இரண்டாவது, அல்லீல் அலைவெண், அதாவது அந்த அல்லீல் மக்களிடம் எவ்வளவு பரவியிருக்கிறது என்ற அளவு. பெற்றோர் ரத்தம் இல்லாதபோது, பிள்ளையின் ஒத்த அல்லீல் அரிதா பொதுவா என்பதை நீங்கள் கொடுக்கும் அலைவெண்தான் முடிவு செய்யும். ஐரோப்பியரின் அலைவெண்ணைப் போட்டு, நம் ஊரில் பொதுவான அல்லீலை அரிது என்று சொன்னால் பொய்யான உச்சம் எழும். அதே வட்டாரத்தில், அதே சமூகத்தில், சொந்தமில்லாத 50 பேரை எடுத்தால் 100 குரோமோசோம்; குறைந்தபட்சம் அது வேண்டும்.

மூன்றாவது, நெருங்கிய ஸ்னிப்கள் ஒன்றையொன்று சார்ந்திருப்பது. அவற்றைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணினால் லாட் ஊதிப்போகும். பிணைப்புக் கணக்குக்கு அரை சென்டிமார்கனுக்கு ஒன்று என்று மெலிதாக்குங்கள். பிறகு வாசிப்புப் பிழை: ஒரு ஸ்னிப்பில் மட்டும் இரட்டை மறுசேர்க்கை தெரிந்தால் அது பெரும்பாலும் பிழையே. பெற்றோர் – பிள்ளை முரண்பாடு ஒன்றிரண்டு இடத்தில் என்றால் வாசிப்புப் பிழை. எல்லாக் குரோமோசோமிலும் என்றால் குழாய் மாறியிருக்கிறது அல்லது எழுதிய தந்தை வேறு. கடைசியாக, ஒரு பக்கம் முழுதாக விடுபட்ட துண்டும் ஒத்தகருநிலை போலவே தெரியும். சிப்பின் ஒளிர்வு அளவு பாதியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரே குடும்பத்தில் ஒரே நோய் என்றால் ஒரே மரபணுதானே?

காது கேளாமையில் இப்படி நம்பினால் ஏமாற்றம்தான். வேறு அறிகுறி இல்லாத பிறவிக் காது கேளாமைக்கு மட்டும் ஒடுங்கு வகையில் 70-க்கும் மேற்பட்ட இடங்கள் தெரியும். காது கேளாதவர்கள் காது கேளாதவர்களையே மணப்பதும் உண்டு. ஆகவே ஒரே வீட்டில் இரண்டு மரபணுக்கள் நுழைந்திருக்கலாம். முழுத் தேடலுக்கு முன் ஜிஜேபி2 மரபணுவைப் படித்துவிடுங்கள். அதில் டபிள்யூ24எக்ஸ் என்ற மாற்றம் இந்தியாவில் பரவலாக உண்டு. ஒரு நாள் வேலை, ஒரு வருடத்தை மிச்சப்படுத்தும்.

அல்லீல் பரவலாக இருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. அலைவெண் 100-ல் 1 என்றால், அத்தை மகன் – மாமன் மகள் தம்பதியின் நோயுள்ள பிள்ளைகளில் 87 சதவீதம் பேருக்கே ஒரே முன்னோரின் துண்டு. 100-ல் 5 என்றால் அது 57 சதவீதமாக இறங்கும். மீதிப் பேரிடம் ஒத்த துண்டைத் தேடுவது வீண்.

எக்சோம் வரிசைப்படுத்தல் வந்துவிட்டதே, இது இன்னும் எதற்கு?

ஒருவரின் எக்சோமில் (புரதங்களைக் குறிக்கும் டிஎன்ஏ பகுதிகளில்) 20,000-க்கு மேற்பட்ட மாற்றங்கள் இருக்கும். பிணைந்த பகுதி தெரிந்தால் அவற்றில் சிலவற்றை மட்டும் பார்த்தால் போதும். பகுதிக்குள் எதுவும் கிடைக்காவிட்டால், எக்சோம் பார்க்காத இன்ட்ரான் (மரபணுவுக்குள் புரதத்தைக் குறிக்காத பகுதி) ஆழத்திலோ, திரும்பத் திரும்ப வரும் வரிசையின் நீட்சியிலோ இருக்கலாம் என்று எங்கே தோண்டுவது என்பதும் தெரியும். ஹண்டிங்டன் நோய் அப்படிப்பட்டதுதான்: வெனிசுலாவின் மரகைபோ ஏரிக்கரைக் குடும்பங்களின் உதவியோடு 1983-ல் மார்க்கர் 4-ஆம் குரோமோசோமைக் காட்டியது, மரபணு கைக்கு வந்தது 1993-ல்.

சர்க்கரை நோய்க்கும் இப்படித் தேடலாமா?

வீட்டுக்கு வீடு இருக்கிற சர்க்கரைக்குப் பல மரபணுக்கள், ஒவ்வொன்றின் பங்கும் சிறிது. பிணைப்புக் கணக்கு அதைப் பிடிக்காது. ஆயிரக்கணக்கானோரைக் கொண்ட தொடர்பு ஆய்வு வேண்டும், தற்செயலாக வரும் வாய்ப்புக்கான எல்லையும் 10 கோடியில் 5 என்ற அளவு. நோயாளிகளை ஒரு சமூகத்திலும் ஒப்பீட்டாளர்களை இன்னொன்றிலும் எடுத்தால், சமூக வேறுபாடே நோய்த் தொடர்பாகத் தெரியும். அதைத் தவிர்க்க, பெற்றோர் கடத்திய அல்லீலையும் கடத்தாததையும் ஒப்பிடும் 1993-ஆம் ஆண்டு முறை நல்லது: 60 முறை கடத்தியும் 36 முறை கடத்தாமலும் இருந்தால், 24-இன் வர்க்கத்தை 96-ஆல் வகுக்க, கை-வர்க்க மதிப்பு 6.0. ஒரு மார்க்கருக்கு அது குறிப்பிடத்தக்கது, லட்சம் மார்க்கர்களில் ஒன்றுமில்லை.

குடும்பத்திடம் என்ன சொல்ல வேண்டும்?

ரத்தம் எடுக்குமுன், நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்த படிவத்தைத் தமிழில் படித்துக் காட்டுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் இதற்கு அடிப்படை. பெற்றோர் உறவு பற்றித் தற்செயலாகத் தெரிபவற்றை யாருக்கும் சொல்ல மாட்டோம் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

“சொந்தத்துல கட்டுனதாலதானே?” என்று அம்மா கேட்பார். பழுதான அல்லீலைத் திருமணம் உண்டாக்கவில்லை, அது இரண்டு பேரிடமும் முன்பே இருந்தது என்று சொல்லுங்கள். ஒடுங்கு நோயில் அடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒன்று வாய்ப்பு. இரண்டு பிள்ளைக்கு வந்துவிட்டால் மூன்றாவதுக்கு வராது என்பது இல்லை. நோயில்லாத அண்ணன் தங்கைகள் அந்த அல்லீலைச் சுமக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. லாட் மதிப்பு ஒரு பகுதியைக் காட்டுகிறதே தவிர அது பரிசோதனை முடிவு இல்லை. மாற்றம் எது என்று தெரிந்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் புதிதாக எடுத்த ரத்தத்தில் அதை உறுதி செய்த பிறகே கல்யாணப் பேச்சில் இருக்கும் தங்கைக்கோ, கருவுற்றிருக்கும் அக்காவுக்கோ சொல்லலாம். நோயில்லாத சிறு பிள்ளைகளுக்கு, அவர்கள் சுமப்பவர்களா என்ற சோதனையை இப்போது செய்யாதீர்கள். 18 வயது நிரம்பி, அவர்களே கேட்கும்போது செய்யலாம்.